தென்னாப்பிரிக்காவின் டர்பன் மாதிரியான பெருநகரத்துக்குச் சுற்றுலாவால் உண்மையில் என்ன கிடைக்கிறது?

கேள்வி கேட்டவருக்கு இரண்டு சந்தேகங்கள். பயணிகள் செலவழிக்கும் பணம் ஊருக்குள் தங்குகிறதா, பெரிய ஹோட்டல் முதலாளிகளோடு வெளியே போய்விடுகிறதா என்பது ஒன்று. சுற்றுலாவை நம்பி ஒரு மாநகரம் திட்டம் போடலாமா என்பது இன்னொன்று.

நான் டர்பனில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். நாலைந்து அறைகளை வைத்து விடுதி நடத்துகிறவர்கள், டூர் வேன் ஓட்டுகிறவர்கள், மசாலாக் கடைக்காரர்கள், ஹோட்டல் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்காரர்கள், இவர்களுடைய ரசீதுகள்தான் என் அன்றாடம். அதை வைத்துச் சொல்கிறேன்: பணம் ஊருக்குள் தங்கத்தான் செய்கிறது. ஆனால் பெரிய கட்டடங்களில் தங்குவதைவிடச் சந்தையிலும் சொந்தக்காரர் வீட்டு அடுப்படியிலும் அதிகம் தங்குகிறது. நகரத்தின் கவனமோ பெரும்பாலும் பெரிய கட்டடங்கள் மேலேயே இருக்கிறது. என் ஆதங்கம் அதுதான்.

முதலில், யார் வருகிறார்கள்? தமிழ்நாட்டிலிருந்து பேசும் நண்பர்கள் எல்லாரும் ஐரோப்பியப் பயணிகளைத்தான் மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கேப் டவுனுக்கும் க்ரூகர் வனவிலங்குக் காட்டுக்கும் போகிறவர்கள். 2019-இல் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட வெளிநாட்டுப் பயணிகளிலேயே பெரும்பகுதி பக்கத்து நாடுகளிலிருந்து தரைவழியாக வந்தவர்கள். டர்பனின் சுற்றுலாவை வாழவைப்பது உள்நாட்டுக் குடும்பங்கள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து என்-3 நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர் காரிலோ மினிபஸ் டாக்சியிலோ வந்து சேர்கிறவர்கள். கடல் இல்லாத உள்நாட்டு நகரத்தாருக்கு மிக அருகில் இருக்கும் பெரிய கடற்கரை இதுதான். கேப் டவுன் பக்கத்து அட்லாண்டிக் தண்ணீர் எலும்பைக் குத்தும். இங்கே ஜூலை மாதக் குளிர்காலத்திலும் பிள்ளைகள் இறங்கிக் குளிக்கலாம். டிசம்பர், ஈஸ்டர், ஜூலைப் பள்ளி விடுமுறை, இந்த மூன்றும்தான் சீசன். புத்தாண்டு அன்று கடற்கரையில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம் சேரும். தொலைந்துபோகும் குழந்தைகளை அடையாளம் காண அவர்கள் மணிக்கட்டில் மாநகராட்சி ஆட்களே பட்டை கட்டிவிடுவார்கள்.

இந்தக் கூட்டம் இப்படி வரமுடிந்ததே அண்மையில்தான். டர்பன் கடற்கரையின் நல்ல பகுதிகள் 1989 வரை வெள்ளையருக்கு மட்டும் என்று நகரசபை விதியாகவே இருந்தது. பலகை நட்டு எழுதிவைத்திருந்தார்கள். இந்தியருக்கு ஒரு துண்டு, ஆப்பிரிக்கருக்கு ஒரு துண்டு. என் மாமனார் தலைமுறைக்கு அந்தப் பலகைகள் நன்றாக நினைவிருக்கின்றன. அநீதி என்பது ஒருபுறம் இருக்கட்டும், பொருளாதாரமாகப் பார்த்தாலும் நாட்டு மக்களில் மிகப் பெரும்பான்மையை வாசலிலேயே நிறுத்திவிட்டு நடத்திய சுற்றுலா அது. இன்று கோல்டன் மைல் என்ற கடற்கரையோர நடைபாதையில் மணிமாலை விற்கும் ஜூலுப் பெண்களுக்கும், மணல் சிற்பக்காரருக்கும், கொம்பும் இறகும் வைத்த தலைப்பாகையோடு நிற்கும் ரிக்‌ஷாக்காரருக்கும் கிடைக்கும் வருமானத்தில் பெரும்பகுதி, அன்றைக்கு உள்ளே விடப்படாதவர்களின் பிள்ளைகள் கொடுப்பது.

ஹோட்டல் பதிவேட்டில் ஏறாத ஒரு பெரிய வருகையும் உண்டு. என் மனைவி டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்தவர். ஈஸ்டர் வந்தால் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து சித்தப்பா குடும்பம், பெரியம்மா குடும்பம் எல்லாம் வந்து இறங்கிவிடும். பெரிய வெள்ளி அன்று டர்பனுக்குத் தெற்கேயுள்ள இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போகவேண்டும் என்பது அவர்களுக்கு ஒரு வேண்டுதல். அந்த ஒரு நாளில் அங்கே பல்லாயிரம் பேர் கூடுகிறார்கள். காவடி, தீமிதி நாட்களிலும் இப்படித்தான். யாரும் அறை எடுப்பதில்லை. கூடத்தில் மெத்தை விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இறைச்சிக் கடை, காய்கறி, பெட்ரோல், பூ, கற்பூரம், திரும்பும்போது விக்டோரியா தெருச் சந்தையில் கிலோ கணக்கில் மசாலா என்று செலவு ஓடிக்கொண்டே இருக்கும். இந்த நாட்டின் உள்நாட்டுப் பயணங்களில் உறவினர், நண்பர் வீட்டுக்குப் போவதுதான் மிகப் பெரிய வகை. டர்பனில் அது கோவிலோடும் தேவாலயத்தோடும் பின்னிக் கிடக்கிறது. டர்பன் பக்கத்து இனாண்டாவிலுள்ள ஷெம்பே என்ற ஆப்பிரிக்கத் திருச்சபைக்கு வரும் யாத்திரிகர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றுலா என்று பேசும்போது இவர்களை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. என்னிடம் கணக்கு வைத்திருக்கும் மசாலாக் கடைக்காரருக்கோ ஈஸ்டர் வாரம்தான் ஆண்டின் முதுகெலும்பு.

சரி, அறை எடுத்துத் தங்குகிறவரின் பணம் எங்கே போகிறது? வரிப்பதிவு உள்ள ஒரு விடுதியில் ஓர் இரவுக்கு 1,150 ரேண்ட் (இந்த நாட்டு நாணயம்) என்று வைத்துக்கொள்வோம். அதில் 150 ரேண்ட் மதிப்புக்கூட்டு வரி, 15 சதவீதம். அது தேசிய அரசின் கஜானாவுக்கு. இணையத்தில் பதிவு செய்து வந்தவர் என்றால் அந்தத் தளத்துக்குக் கமிஷன், ஏறக்குறைய இன்னொரு 150. அது நாட்டைவிட்டே போய்விடும். மிச்சத்தில் வீட்டுக்கடன் வட்டி, மின்சாரம், காப்பீடு. கடைசியில்தான் சம்பளம், காலை உணவுச் சாமான், சலவை. ஊருக்குள் சுற்றுவது இந்தக் கடைசிப் பகுதி மட்டும்தான். நாடு முழுவதும் கிளைகள் உள்ள பெரிய ஹோட்டல் குழுமம் என்றால் கொள்முதலும் லாபமும் ஜோகன்னஸ்பர்க் தலைமையகத்தின் வழியே நடக்கும். ஊருக்குள் சுற்றும் பங்கு அதைவிடவும் குறையும். விடுதி நடத்துகிறவர் இந்த ஊர்க்காரராக இருந்து, துணியைப் பக்கத்துத் தெருவில் வெளுத்து, முட்டையை உள்ளூரில் வாங்கினால் நிலைமை கணிசமாக மாறுகிறது. இந்த வித்தியாசத்தை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

மாநகராட்சியின் நிலைமை இன்னும் சிக்கலானது. கடற்கரையைக் கூட்டுவது, உயிர்காக்கும் வீரர்களுக்குச் சம்பளம், கழிவறை, விளக்கு, கழிவுநீர் எல்லாம் டர்பனை நிர்வகிக்கும் ஈத்தெக்வினி மாநகராட்சியின் தலையில். விற்பனை மேல் அதற்கு வரி கிடையாது. அதன் சொந்த வருமானம் சொத்து வரியும் மின்சார, தண்ணீர்க் கட்டணமும். தேசிய எரிபொருள் வரியில் பெருநகரங்களுக்கு ஒரு பங்கு வருகிறது. ஆக, கடற்கரையில் கூட்டம் இரட்டிப்பானால் செலவு உடனே ஏறும். வருமானம் சுற்றிவளைத்து, தாமதமாகத்தான் வரும். செலவைக் குறைக்கும் நெருக்கடி வரும்போது யார் கண்ணிலும் படாத பராமரிப்பில் கைவைக்கத் தோன்றுவது இதனால்தான்.

அந்தப் பராமரிப்புதான் இங்கே சுற்றுலாவின் முதலீடு. பழைய உதாரணம் ஒன்று. 1957 டிசம்பரில் டர்பனுக்குத் தெற்கேயுள்ள கடற்கரை ஊர்களில் சுறா தாக்கி அடுத்தடுத்துச் சிலர் இறந்தார்கள். இங்கே அதைக் 'கறுப்பு டிசம்பர்' என்பார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப, அந்த ஊர்களின் வியாபாரம் படுத்துவிட்டது. கடற்படையைக் கொண்டு கடலுக்குள் வெடி போட்டும் பயனில்லை. டர்பன் மட்டும் 1952-லேயே கடலில் சுறா வலை கட்டியிருந்தது. 1964-இல் மாகாணம் இதற்கென்றே ஒரு வாரியம் அமைத்தது. இன்றும் டர்பனுக்கு வடக்கேயுள்ள உம்ஷ்லங்காவிலிருந்து அது இயங்குகிறது. அந்த வலைகளில் டால்ஃபினும் ஆமையும் சிக்கிச் சாகின்றன என்பது என்னை உறுத்துகிறது, ஆனாலும் கணக்கு தெளிவானது: தண்ணீர் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை போனால் எத்தனை மாடி ஹோட்டலும் காலிதான்.

2022-இல் அதுவே இன்னொரு வடிவத்தில் வந்தது. ஏப்ரல் வெள்ளத்தில் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சாலை, பாலம், வீடுகளோடு கழிவுநீர் ஏற்று நிலையங்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் சேதமாயின. கழிவு ஆறுகள் வழியே கடலில் கலந்தது. தண்ணீரில் ஈ.கோலி கிருமி அளவு ஏறி, கடற்கரைகளைத் திறப்பதும் மூடுவதுமாகவே அந்த ஆண்டு போயிற்று. டிசம்பர் சீசனிலும் அதே கதை. என் கணக்குப் புத்தகங்களில் அறை ரத்துகள் வரிசையாக ஏறின. அதே வெள்ளம் டொங்காட் ஊரின் குடிநீர் நிலையத்தை அழித்துப் போட்டது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர், தெலுங்கரின் வாரிசுகள் நிறைந்த ஊர் அது. மாதக்கணக்கில் அவர்கள் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றார்கள். ஊர்க்காரருக்குத் தண்ணீர் தரமுடியாததும் கடற்கரையில் குளிக்க விடமுடியாததும் ஒரே பிரச்சினை என்று நான் அப்போதிலிருந்து எல்லாரிடமும் சொல்லிவருகிறேன்.

பெரிய கட்டடங்கள் பற்றி. எல்லாவற்றையும் குறை சொல்லமாட்டேன். 1997-இல் நெல்சன் மண்டேலா திறந்துவைத்த சர்வதேச மாநாட்டு மையம் ஊருக்கு நன்மை செய்திருக்கிறது. 2011-இல் ஐ.நா. காலநிலை மாநாடு, 2013-இல் பிரிக்ஸ் உச்சி மாநாடு, பல ஆண்டுகளாக மே மாதத்தில் ஆப்பிரிக்கச் சுற்றுலா வணிகக் கண்காட்சியான 'இண்டாபா' எல்லாம் அங்கேதான் நடந்தன. மாநாட்டுக்கு வருகிறவர் சீசன் இல்லாத மாதத்தில் வருகிறார், அறை எடுக்கிறார், வெளியே சாப்பிடுகிறார். 2010 உலகக் கோப்பைக்காகக் கட்டிய மோசஸ் மபீடா ஸ்டேடியம் வேறு விஷயம். 106 மீட்டர் உயர வளைவோடு பார்க்க அழகுதான், முந்நூறு கோடி ரேண்டுக்கு மேல் விழுங்கியது, ஆண்டின் பெரும்பாலான நாட்கள் நிரம்புவதில்லை. 2022 காமன்வெல்த் போட்டிகள் டர்பனுக்கு ஒதுக்கப்பட்டு, நிதி உத்தரவாதம் தராததால் 2017-இல் பறிபோனபோது ஊரே வருத்தப்பட்டது. நான் வருத்தப்படவில்லை.

அதே உலகக் கோப்பையின் பெயரில் நடக்கவிருந்த ஒரு பெரிய இழப்பை மக்கள் தடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நகர மையத்தில் வார்விக் என்று ஒரு சந்திப்பு. தினமும் லட்சக்கணக்கானோர் டாக்சி மாறும் இடம். அங்கே ஒன்பது சந்தைகள். வேரும் பட்டையும் விற்கும் நாட்டு மருந்துக்காரர்கள், மாட்டுத்தலைக் கறி சமைப்பவர்கள், சாம்பிராணி மாதிரி புகைக்கும் இம்பெப்போ விற்பவர்கள், மணி கோப்பவர்கள். அதில் 1910-இல் தொடங்கிய அதிகாலைச் சந்தை, கூலி ஒப்பந்தம் முடிந்து காய்கறி பயிரிட்ட இந்தியக் குடும்பங்கள் போராடிப் பெற்றது. 2009-இல் அதை இடித்து ஷாப்பிங் மால் கட்ட மாநகராட்சி திட்டமிட்டது. இந்திய வியாபாரிகளும் ஆப்பிரிக்க வியாபாரிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். திட்டம் கைவிடப்பட்டது. இன்று வெளிநாட்டுப் பயணிகள் விரும்பிக் கேட்கும் நடைச்சுற்றுகளில் ஒன்று அந்தச் சந்தைகள் வழியேதான். வியாபாரிகளோடு வேலை செய்யும் 'ஆசியே எத்தாஃபுலேனி' என்ற தொண்டு நிறுவனம் அதை வளர்த்தெடுத்தது. அங்கே ஒரு பயணி வாங்கும் பொருளின் விலை நேராக விற்பவர் கையில் சேர்கிறது. கமிஷன் கிடையாது, தலைமையகம் கிடையாது. நாட்டில் வேலை தேடுவோரில் மூன்றில் ஒருவருக்கு வேலை கிடைக்காத நிலையில், அந்த ஒரு வியாபாரியின் வருமானத்தை நம்பி ஒரு வீடே இருக்கிறது. அந்தச் சந்தைகளுக்குச் சரியான கழிவறையும் சரக்கு வைக்கப் பூட்டும் அறைகளும் மழை ஒழுகாத கூரையும் கொடுத்தால் போதும்.

இரண்டாவது சந்தேகத்துக்கு வருகிறேன். சுற்றுலாவை மட்டும் நம்பித் திட்டம் போடக்கூடாது. டர்பனைத் தாங்கி நிறுத்தியிருப்பது துறைமுகமும் அதைச் சுற்றிய தொழிற்சாலைகளும். 2020-இல் கொரோனா ஊரடங்கில் விடுதிகள் காலியாகி, டிசம்பர் கடைசியில் அரசு கடற்கரைகளையும் மூடியபோது, என்னிடம் இருந்த விடுதிக்காரர்களில் சிலர் நிரந்தரமாகத் தொழிலை மூடினார்கள். துறைமுகத்தை ஒட்டிய தொழில் வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். கடைகள் சூறையாடப்பட்ட 2021 ஜூலைக் கலவரம் மறுபடி அடித்தது. சுற்றுலா வேலையின் பெரிய பலவீனம் இன்னொன்று: டிசம்பர் நடுவில் கூப்பிட்டு ஜனவரி தொடக்கத்தில் அனுப்பிவிடும் தற்காலிக வேலைகளே அதிகம்.

இதை மாற்ற ஒரு வழி இருக்கிறது என்று நம்புகிறேன். மே மாதம் இண்டாபா, ஜூனில் பெரும்பாலும் காம்ரேட்ஸ் மாரத்தான், அதே பருவத்தில் மத்தி மீன் கூட்டம் கரையை ஒட்டி வருவதும் வலை இழுக்கும் இந்திய மீனவக் குடும்பங்களைச் சுற்றி மக்கள் பெட்டி பெட்டியாக வாங்குவதும், ஜூலை முதல் சனிக்கிழமை குதிரைப் பந்தயம். இவை வரும் வாரங்களில் என் சலவைக்கடை வாடிக்கையாளர் ஆட்களை நிறுத்திவைக்காமல் முழுச் சம்பளம் கொடுக்கிறார். பிப்ரவரி, ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில்தான் அவருக்குக் கையைக் கடிக்கிறது. மாநகராட்சியிடம் கேட்கும் வாய்ப்பு கிடைத்தால், அந்த மாதங்களுக்கு நடுத்தரமான நாலைந்து மாநாடுகளையும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளையும் கொண்டுவரச் சொல்வேன். மிச்சப் பணத்தைக் கழிவுநீர் ஏற்று நிலையங்களின் பம்புகளுக்குப் போடச் சொல்வேன்.