பரீட்சை நெருக்கடியில் தலை வெடிக்கிறது. இந்த நேரத்தில் இருண்ட எதிர்கால நாவல்களும் மாற்று வரலாற்று நாவல்களும் வாசித்தால் மனம் இன்னும் கெட்டுப்போகுமா?

என்னுடையது கெடவில்லை. நீங்கள் இலங்கையில் உயர்தரம் (ஏ.எல்.) எழுதப் போகிறவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கம்பஸ் மாணவர் என்றாலும் பெரிய வித்தியாசமில்லை, அங்கே ரியூசன் மட்டும்தான் இல்லை.

நான் திருகோணமலை, படித்தது பயோ. இரண்டாம் ஷைக்கு, அதாவது இரண்டாம் தடவை எழுதப் படித்த வருடம் காலையில் ரியூசன், பின்னேரம் ரியூசன், இரவில் பாஸ்ட் பேப்பர். கண் வரியில் ஓடும், மண்டைக்குள் ஒன்றும் இறங்காது. அந்த நேரம் பார்த்து, ஆர்ட்ஸ் படித்த என் மச்சாள் ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ நாவலைக் கையில் தந்தாள். 1932இல் வந்தது. அதில் பிள்ளை பெறுவதென்பதே இல்லை. எல்லோரும் போத்தலுக்குள் வளர்கிறார்கள். வெளியே வருமுன்பே ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா, எப்சிலன் என்று தரம் பிரித்தாயிற்று. ஆல்ஃபா உச்சி, எப்சிலன் அடிமட்டம். கவலை வந்தால் விழுங்க சோமா என்றொரு மாத்திரை.

எங்கள் கெமிஸ்ட்ரி சேர் மாதப் பரீட்சைப் புள்ளிப்படிதான் பிள்ளைகளை இருத்துவார். முன்வரிசையெல்லாம் வருங்கால டொக்டர்மார், கடைசி வாங்கில் நாங்கள். நாவலை வாசித்த பிறகு அந்த வகுப்புக்குள் போனாலே சிரிப்பு வரத் தொடங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவளிடம் “நாங்கள் எப்சிலனடி” என்றேன். அவள் விழிக்க, முழுக்கதையையும் சொல்லவேண்டி வந்தது. அதற்குப் பிறகு எங்கள் வாங்கில் “எடியே எப்சிலன், நோட்ஸைத் தா” என்பதுதான் பேச்சு. என் மூளையில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து இரவில் அழுதுகொண்டிருந்த எனக்கு, பிள்ளைகளை இப்படி அடுக்கிவைக்கும் ஏற்பாட்டைப் பார்த்து நாலு பேராகச் சேர்ந்து சிரித்தது பெரிய ஆறுதல். தனியே வாசித்து மூடிவைத்திருந்தால் அவ்வளவு உதவியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். யாரிடமாவது கதையுங்கள்.

நாவல் வாசித்தால் ஏ.எல். பாஸ் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.

மாற்று வரலாறு வேறு ரகம். பெறுபேறு வந்தால் நாங்கள் எல்லோரும் செய்வது அதைத்தானே? அந்த இரண்டு எம்சிகியூவும் சரிவந்திருந்தால், அன்றைக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால்... பிலிப் கே. டிக்கின் ‘த மேன் இன் த ஹை காசில்’ (1962) ஜெர்மனியும் ஜப்பானும் இரண்டாம் உலகப் போரை வென்ற உலகத்தில் நடக்கிறது. 1933இல் மியாமியில், அமெரிக்க ஜனாதிபதியாகத் தெரிவாகியிருந்த ரூஸ்வெல்ட்டைச் சுட்டவனின் குறி நிஜத்தில் தப்பியது, நாவலில் தப்பவில்லை. ஒரு துப்பாக்கிச் சூட்டில் உலகமே திசைமாறுகிறது. பரீட்சை எழுதிய பிள்ளைக்கு இது விளங்காதா?

டச்சு பே கடற்கரையில் இருந்து நானும் மச்சாளும் இதையே இழுத்து இழுத்துக் கதைப்போம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட ஊரல்லவா இது! துறைமுகத்தையும் சீனக்குடா விமானத்தளத்தையும் அடித்தார்கள், அன்றைக்கே மட்டக்களப்புக் கடலில் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தார்கள். திரும்பிப் போகாமல் கரையிறங்கியிருந்தால்? “ஜப்பான் மொழியில் ஏ.எல். எழுதியிருப்போம்” என்பாள் அவள். அப்போதும் கம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கிற இந்த இசட் புள்ளி இருந்திருக்கும் என்பேன் நான்.

ஓர்வெலின் ‘1984’ஐ மட்டும் பரீட்சை முடியும்வரை தொடாதீர்கள். கடைசிப் பகுதி ஆளை எழும்பவிடாது. நித்திரையே இல்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்ற நிலை என்றால் எந்த நாவலும் வேண்டாம். வீட்டில் சொல்லுங்கள், அல்லது 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல உதவி இலக்கம்.

கடைசியில் எனக்குக் கம்பஸ் கிடைத்தது. உடனே “கோட்டாவா?” என்று கீழே யாராவது கேட்பார்கள், எனக்குத் தெரியும். கம்பஸில் முதல் வாரமே கேட்டார்கள். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. ஒரு தவணை முழுக்க எங்களுக்கு பௌதிகவியல் ரீச்சரே இல்லை. கொழும்பில் ஏசி மண்டபத்தில் ரியூசன் எடுத்துவிட்டு வந்து கோட்டாக் கணக்குப் பார்க்கிறவர்கள், அந்தத் தவணையை எங்களோடு இருந்து படித்துவிட்டு வந்து கேட்கட்டும்.