சீனாவுக்கு வரும் தம்பிக்கு: கூட்டம் மட்டுமா காரணம்?

தம்பி, குவாங்சோவில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு வருவதில் மகிழ்ச்சி. "140 கோடிப் பேரைக் கெடுபிடி இல்லாமல் எப்படி ஆள முடியும்? மனித உரிமை மீறல் என்று சொல்வதெல்லாம் மிகையா? நமக்கு ஏதாவது தொல்லை வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகை வீட்டில் குடியேறிய 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் பதிவு செய்துவிடுங்கள். விசா எந்த வேலைக்கோ அதை மட்டும் பாருங்கள். உங்களுக்குத் தொல்லை வருவது அரிது. மெட்ரோ நேரத்துக்கு வரும், இரவில் பயமில்லாமல் நடக்கலாம். ஆனால் அந்த நிம்மதியை வைத்து இந்த நாட்டை எடை போட்டுவிடாதீர்கள். கிராமத்திலிருந்து பிழைக்க வந்து உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வரப்போகும் அக்காவுக்கு அந்த நிம்மதி கிடையாது.

இங்கே ஒவ்வொருவரும் ஹுகோ என்ற குடும்பப் பதிவால் ஏதோ ஓர் ஊரோடு கட்டப்பட்டிருக்கிறார்கள். 1958இல் சட்டமானது. 2020 கணக்கெடுப்பின்படி, பதிவு ஓரிடம் வாழ்க்கை வேறிடம் என்று இருப்பவர்கள் 37 கோடிக்கும் மேல். இந்த நகரங்களைக் கட்டியவர்கள் அவர்கள்தான். ஆனாலும் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்க்கத் தாள் தாளாகச் சான்று கேட்பார்கள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை எழுதப் பெரும்பாலும் பதிவூருக்கே போக வேண்டும். அதனால் குழந்தைகள் கிராமத்தில் தாத்தா பாட்டியிடம் வளர்கிறார்கள், தாய் வசந்த விழா என்ற சீனப் புத்தாண்டுக்கு மட்டும் போய்ப் பார்க்கிறாள்.

2003க்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். தற்காலிகக் குடியிருப்பு அட்டை இல்லாதவரைத் தெருவிலேயே பிடித்துப் போவார்கள். நீங்கள் வரும் இதே குவாங்சோவில் அப்படிப் பிடிபட்ட சுன் ஜிகாங் என்ற 27 வயது இளைஞர் காவலில் அடித்தே கொல்லப்பட்டார். உள்ளூர் நாளிதழ் அதைத் துணிந்து எழுதியது, சட்ட அறிஞர்கள் மூவர் சீன நாடாளுமன்றமான மக்கள் பேராயத்துக்கு மனுப் போட்டார்கள், அந்த ஆண்டே அந்தப் பிடிப்பு முறை ஒழிந்தது. எத்தனை கோடிப் பேர் இருந்தாலும் தவறைத் திருத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியாது. என் மனதை அரிப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். 2015 ஜூலையில் தொடங்கி உரிமை வழக்கறிஞர்களும் செயல்பாட்டாளர்களுமாக ஏறக்குறைய 300 பேரை விசாரணைக்கு இழுத்தார்கள், சிலரைச் சிறையில் தள்ளினார்கள். இன்று இன்னொரு சுன் ஜிகாங்குக்காக எழுத எந்தப் பத்திரிகை துணியும்? புதிய தொற்று பற்றி நண்பர்களை எச்சரித்த வூகான் மருத்துவர் லீ வென்லியாங்கையே 2020 ஜனவரியில் காவல் துறை அழைத்துக் கண்டித்தது. அடுத்த மாதம் அதே தொற்றில் அவர் இறந்தார்.

கூட்டம்தான் காரணம் என்கிற வாதத்தை இங்கேயும் நிறையக் கேட்பீர்கள். வடமேற்கில் உள்ள ஷின்ஜியாங்கைப் பாருங்கள். நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்கு, மக்களோ இரண்டரைக் கோடி அளவில்தான். அங்கே உய்குர் என்ற முஸ்லிம் சிறுபான்மை மக்களைக் கூட்டம் கூட்டமாக அடைத்து வைத்ததை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகக் கருத இடமுண்டு என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2022இல் அறிக்கை வெளியிட்டது. நெரிசலே இல்லாத இடம் அது. ஒரு குழந்தைத் திட்டமும் அப்படித்தான். மக்கள் அதிகம் என்று சொல்லிப் பெண்களைக் கட்டாயக் கருக்கலைப்புக்கு இழுத்துப் போனார்கள். இப்போது மக்கள்தொகை குறைகிறது, 2021 முதல் மூன்று பெறலாம் என்கிறார்கள். இரண்டு காலத்திலும் பெண்களைக் கேட்டு முடிவெடுக்கவில்லை.

இங்கே பேச்சின் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் நீங்கள் அல்ல, உங்களோடு பேசியவர். இங்கே எல்லோரும் செய்தி அனுப்பும் வீசாட் செயலியில் அரசியல் கேட்டு சக ஊழியரை மாட்டிவிடாதீர்கள். 'சச்சரவு கிளப்பியது' என்ற ஒரே குற்றச்சாட்டில் 5 ஆண்டு வரை உள்ளே போடலாம். அவர்களாக மனம் திறந்தால் காது கொடுங்கள், படம் எடுக்காதீர்கள், எங்கும் எழுதி வைக்காதீர்கள்.

அந்த அக்காவுக்குச் சம்பளத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வசந்த விழாவுக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரமாவது விடுப்புக் கொடுங்கள். ரயில் சீட்டு விற்பனை சுமார் 15 நாள் முன்னால்தான் திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்துவிடும். அதனால் தேதியை ஒரு மாதம் முன்பே அவரிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.