அட்டையில் இல்லாத வசனங்கள்

கேள்வி: புது வருஷ ஆராதனையில் எங்கள் குடும்பத்துக்கு எடுத்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தது: உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்கிற வசனம். சந்தோஷமாக ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பிப்ரவரியில் என் கணவர் 19 வருஷம் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இப்போது ஓசூரில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் முன்பு வாங்கியதில் முக்கால்வாசிதான். ஜூனில் குடிபோக வேண்டும். மகன் பத்தாவது எழுதியிருக்கிறான், மகள் ஏழாவது. மாமா போன நவம்பரில் தவறிவிட்டார்கள். அத்தைக்கு 74 வயது, நாசரேத் பக்கத்துச் சொந்த வீட்டைவிட்டு வரமாட்டேன் என்கிறார்கள். கணவர் யாரிடமும் பேசுவதில்லை. வீட்டு ஜெபத்தில் எனக்கு வாயே வரவில்லை. தேவன் உண்மையுள்ளவர் என்று எதை வைத்து நம்புவது? அத்தையை விட்டுப் போவது பாவமா? கைக்கு வரும் பணத்தில் தசமபாகம் (பத்தில் ஒரு பங்கு காணிக்கை) கொடுக்க வேண்டுமா?
– ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்:

சகோதரி, அட்டையை ஃபிரிட்ஜிலிருந்து கிழிக்க வேண்டாம். ஆனால் அது ஒரு நீளமான கடிதத்தின் நடுவிலிருந்து வெட்டியெடுத்த ஒரு வரி. இன்று ராத்திரி எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசியுங்கள். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதியனுப்பிய கடிதம் அது. வீடு, தொழில், ஆலயம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பாஷை தெரியாத ஊரில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள்.

28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்றொரு தீர்க்கதரிசி வருகிறார். இரண்டே வருஷம், எல்லாம் பழையபடி திரும்பிவிடும் என்று ஆலயத்தில் சகல ஜனங்களுக்கும் முன்பாகச் சொல்கிறார். அதையும் கர்த்தரின் பேரால்தான் சொல்கிறார். அன்றைக்கு ஆமென் சத்தம் பலமாகவே கேட்டிருக்கும். எரேமியாவின் கடிதமோ எழுபது வருஷம் என்கிறது. வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகமாக யாரும் ஊர் திரும்பப்போவதில்லை என்று அதற்கு அர்த்தம். அந்த எழுபது வருஷக் கணக்கு இருப்பது 10-ஆம் வசனத்தில். உங்கள் அட்டையில் வந்தது அதற்கு அடுத்த வசனம்.

அதுவரை என்ன செய்ய வேண்டும் என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது, 5 முதல் 7 வரை: வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடியுங்கள், போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். எல்லாம் கைவேலை. ஆகவே பிப்ரவரியில் உங்கள் வீட்டில் நடந்தது அந்த வசனத்தைப் பொய்யாக்கிவிடவில்லை. அந்த வசனம் முதலில் போய்ச் சேர்ந்ததே உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளுக்குத்தான். அட்டை அச்சடிக்கிறவர்கள் 10-ஐயும் சேர்த்து அச்சடித்தால் நல்லது, யாரும் வாங்கமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

'உண்மை' என்ற சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள். "உமது உண்மை பெரிதாயிருக்கிறது" என்று புலம்பலில் (3:23) வருகிற இடத்தில் எபிரெயச் சொல் 'எமூனா'. அதே சொல் யாத்திராகமம் 17:12-இலும் இருக்கிறது. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது, மோசேயின் கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்து, ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கிக்கொள்கிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அவர் கைகள் "ஒரே நிலையாயிருந்தது" என்று நம் வேதாகமம் சொல்கிறது. அந்த 'ஒரே நிலை'தான் எமூனா. அந்த நிலை அங்கே வந்தது ஒரு கல்லாலும் இரண்டு பேர் தோளாலும். தேவனுடைய உண்மை உங்கள் வீட்டிலும் பெரும்பாலும் அப்படித்தான் வரும், ஆட்கள் மூலமாக, சாமான்கள் மூலமாக, ஒரு நாளுக்கு ஒரு நாள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்ற உணவும் ஆளுக்கு ஒரு ஓமர்தான், அதாவது ஒரு நாளைக்குரிய அளவு. நாளைக்கென்று எடுத்துவைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஓசூரில் மகளின் காலேஜ் படிப்புக்கு என்ன செய்வது என்ற கவலைக்கு இன்றைக்குக் கிருபை கேட்டால் கிடைக்காது, அது அந்த நாளுக்குரிய ஓமர்.

வாய் வரவில்லை என்கிறீர்கள். சங்கீதம் 13-ஐ எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்ற கேள்வி நான்கு முறை. அடுத்த இரண்டில் விண்ணப்பம். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. நாம் தவறுவது எங்கே என்றால், முதல் நான்கையும் தாண்டிக் குதித்து நேராக ஐந்தாவதில் போய் நிற்கிறோம். தொண்டை அடைப்பது அதனால்தான். ஒரு வாரத்துக்கு முதல் இரண்டு வசனங்களை மட்டும் சத்தமாக வாசித்து, "எதுவரைக்கும்" என்ற இடத்தில் உங்கள் காரியத்தைப் பேர் சொல்லி வையுங்கள். 88-ஆம் சங்கீதம் கடைசிவரை இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்திலிருந்து யாரும் எடுத்துப்போடவில்லை. நகோமி பெத்லெகேம் வாசலில் நின்று, என்னை மாராள் என்று கூப்பிடுங்கள், சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார் என்று ஊர்ப் பெண்களிடம் வாய்விட்டே சொன்னாள். அதற்காக அவளைக் கண்டித்து ஒரு வரிகூட ரூத் புத்தகத்தில் இல்லை.

வீட்டு ஜெபத்தை இருபது நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள், சாப்பிட்டபின் தூக்கம்தான் வரும். வாசிப்பது மகள். பிறகு ஒவ்வொருவரும் இரண்டே விஷயம்: இன்றைக்கு வருத்தமாயிருந்த ஒன்று, கிடைத்த ஒன்று. அதற்கு யாரும் புத்தி சொல்லக் கூடாது. நம் வீடுகளில் ஜெபம் கெடுவது இந்த இடத்தில்தான். "ஆண்டவரே, இந்தப் பையனுக்குப் பொறுப்பைக் கொடும், போனை நோண்டுகிற ஆவியை எடுத்துப்போடும்" என்று கண்ணை மூடிக்கொண்டு பேசுவது ஆண்டவரிடம் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பையனிடம். அவனுக்கும் அது தெரியும். அவன் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், வந்து உட்காருகிறானே.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, என்ன கேட்டோம், என்ன நடந்தது என்று மூன்று பத்தி போதும். கேட்டபடி நடக்காததையும் மூன்றாவது பத்தியில் அப்படியே எழுத வேண்டும். நடந்ததை மட்டும் எழுதிய நோட்டைப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். யோர்தானைக் கடந்தபோது பன்னிரண்டு கல்லை எடுத்து வைத்ததற்கு யோசுவா சொன்ன காரணமே, பின்னால் பிள்ளைகள் கேட்பார்கள் என்பதுதான். கல் எடுத்தது ஆற்றின் நடுவிலிருந்து.

அத்தை விஷயம். அவர்களுடைய கணவர் தவறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இந்த நேரத்தில் வீட்டை விற்பது, நிரந்தரமாக ஊர் மாற்றுவது இரண்டும் வேண்டாம். அவர்கள் வரமாட்டேன் என்பது பிடிவாதம் இல்லை. கல்லறைத் தோட்டம் அங்கே இருக்கிறது, அசனம் என்ற சபை விருந்து அங்கே, ஞாயிற்றுக்கிழமை உட்காருகிற பாய் அங்கே. வருகிற நவம்பர் 2 மாமாவுக்கு முதல் கல்லறைத் திருநாள், அதற்கு நீங்கள் எல்லாரும் ஊரில் இருக்கும்படி இப்போதே முடிவு செய்துவிடுங்கள், ரயிலில் அறுபது நாளைக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும், திறந்த அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள். அதன்பின் ஒரு மாதம் ஓசூருக்கு வந்து இருந்து பார்க்கச் சொல்லுங்கள், திரும்புகிற தேதியையும் சொல்லிக் கூப்பிடுங்கள். திரும்புகிற தேதி தெரிந்தால்தான் வயதானவர்கள் கிளம்புவார்கள். அதுவரை ராத்திரி துணைக்கு ஒரு ஆள் சம்பளத்துக்கு வேண்டும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேரிடமும் ஊர்ச் சபையைக் கவனிக்கிற உபதேசியாரிடமும் உங்கள் போன் நம்பர் இருக்கட்டும். மாத்திரைச் சீட்டை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஏற்பாடு செய்துவிட்டுப் போவது கைவிடுவது ஆகாது.

மாமா உயில் எழுதவில்லை என்றால், அவர் பேரில் உள்ள சொத்துக்கு 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டு பிள்ளைகளுக்குச் சமமாக. கல்யாணத்துக்கு நகை போட்டு அனுப்பினோமே என்று பெண்பிள்ளையின் பங்கைக் குறைக்க முடியாது. உங்கள் கணவருக்கு உடன்பிறந்தவர்கள் இருந்தால் இதை முதலிலேயே வாய்விட்டுப் பேசிவிடுங்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். துக்க நேரத்தில் அத்தையிடம், பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கச் சொல்லி யார் யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். பல குடும்பங்கள் ஒரே ஆலயத்தில் இரண்டு வாசலால் போய்வருவது இந்தக் கையெழுத்தால்தான்.

பணம். கணவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) வர வேண்டும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை வருஷக் கணக்கால் பெருக்குங்கள். இரண்டும் சேர்ந்து 26,000 ரூபாய் என்றால், 15,000 × 19 = 2,85,000. வந்த தொகை இதற்குக் குறைவாயிருந்தால் எழுத்தில் கேளுங்கள். பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், அதே யு.ஏ.என். எண்ணைப் புதுக் கம்பெனியில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய கம்பெனி வேலையைவிட்டு நின்ற தேதியைப் பதிவு செய்யாமல் விட்டிருப்பார்கள், மாற்றம் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். கம்பெனி ஆட்கள் கலைந்துபோவதற்கு முன் அதைச் சரிசெய்துவிடுங்கள்.

தசமபாகம் பற்றி விசுவாசிகளிடையே ஒரே கருத்து கிடையாது, என் எண்ணத்தைச் சொல்கிறேன். மாதச் சம்பளத்தில் கொடுத்துவந்ததைப் புதுச் சம்பளத்துக்குத் தக்கபடி கொடுங்கள், அளவு குறைவது குற்றம் இல்லை. பி.எஃப்.பில் கணவரிடம் பிடித்த பங்கு, ஏற்கெனவே முழுச் சம்பளத்துக்கும் தசமபாகம் கொடுத்திருந்தால், கணக்கில் வந்துபோன பணம். பணிக்கொடையில் முதலில் ஆறு மாதச் செலவையும் அத்தையின் வைத்தியச் செலவையும் ஒதுக்குங்கள். பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று காணிக்கையாக்குவதை இயேசு கண்டித்தது மாற்கு 7-இல் இருக்கிறது. விதைக் காணிக்கை போட்டால் வேலை இரட்டிப்பாகும் என்று யாராவது போனில் ஜெபிக்க வந்தால், ஆமென் சொல்லி வைத்துவிடுங்கள். மொத்தமாகப் பணம் வந்த வீட்டுக்கு எப்படியோ இவர்கள் வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

கணவர் பேசாமலிருப்பதை மூக்கறுக்காமல் கவனியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இல்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழிலும் பேசலாம். செத்தால் போதும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, தூங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

இனி கிளம்புகிற வேலை. மகனுக்குப் பதினோராம் வகுப்பில் எப்படியும் பள்ளி மாறுவது சகஜம், டி.சி.யும் மதிப்பெண் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இருந்தால் போதும். மகளுக்கு டி.சி.யோடு எமிஸ் எண்ணையும் (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் எண்) கேட்டு வாங்குங்கள். அதே மாதிரி சபைக்கும் உண்டு: சந்தா பாக்கியைக் கட்டி, சேகரகுருவிடம் (உங்கள் சபை ஆயரிடம்) மாற்றுக் கடிதமும் நான்கு பேருடைய ஞானஸ்நானச் சான்றிதழும் வாங்குங்கள். ஓசூர் வேறு திருமண்டலம், அதாவது வேறு பேராயரின் பகுதி, மகனுக்குத் திடப்படுத்தல் (சபையில் முழு அங்கத்தினராகும் ஆராதனை) ஆகவில்லை என்றால் இது இல்லாமல் அலைய நேரிடும். புது ஊரில் முதல் இரண்டு ஞாயிறு எந்த ஆலயம் என்று பாருங்கள், மூன்றாவது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நின்று ஆயரிடம் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். ஊர்ச் சபையின் நேரலையை டி.வி.யில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் மாதக்கணக்கு ஓடிவிடும், உங்கள் கையைத் தாங்க ஓசூரில் ஆள் இருக்காது.

சான்றிதழ்கள், வேதப்புத்தகம், அந்த நாற்பது பக்க நோட்டு மூன்றையும் லாரியில் ஏற்றாமல் கைப்பையில் வையுங்கள். அத்தை டிசம்பரில் வருவதாயிருந்தால் ஒரு ஸ்வெட்டரும் காதுக்கு மஃப்ளரும் இப்போதே எடுத்துவையுங்கள். தூத்துக்குடிப் பக்கத்து உடம்புக்கு ஓசூர் காலைக் குளிர் பழக நாளாகும்.