பார்க்க வருவதற்கு முன் எழுதிப் பார்ப்பது

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளை அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறார். ஐந்து வாரம் கழித்துத்தான் பெண் பார்க்க வருகிறார்கள். அதுவரை மெயிலில் பேசிக்கொள்ளச் சொல்லி இரண்டு வீட்டிலும் முகவரியைக் கொடுத்துவிட்டார்கள். முதல் மெயிலில் என்னதான் எழுதுவது?

பதில்: 150 சொல்லுக்குள் முடித்துவிடுங்கள். முகவரி யார் மூலம் கிடைத்தது என்று ஒரு வரி, உங்கள் வேலைநாள் எப்படிப் போகிறது என்று நாலைந்து வரி, கடைசியில் இரண்டே கேள்வி. பயோடேட்டாவில் இருப்பதைத் திரும்ப எழுத வேண்டாம், அது அவரிடம் இருக்கிறது. 'புத்தகம் படிப்பேன், பாட்டுக் கேட்பேன்' என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தீர்கள், ஏன் என்று எழுதினால் அவருக்குப் பதில் எழுத ஒரு பிடி கிடைக்கும். கேட்பதும் அப்படித்தான். 'பொழுதுபோக்கு என்ன?' என்றால் ஒரே சொல்லில் பதில் வரும். 'போன சனிக்கிழமை எப்படிப் போயிற்று?' என்று கேட்டால், சமைக்கிறாரா, துணி துவைக்கிறாரா, நண்பர்கள் உண்டா என்பதெல்லாம் தானே வந்து விழும்.

அலுவலக முகவரியிலிருந்து எழுதாதீர்கள். நிறுவனம் அதைத் திறந்து பார்க்க முடியும். வேலை மாறினால் கடிதங்களும் போய்விடும். வங்கிக் கணக்கோடு இணைத்த முகவரியும் வேண்டாம், இதற்கென்று புதிதாக ஒன்று தொடங்குங்கள். போனில் எடுத்த படத்தை மெயிலில் இணைத்தால், எடுத்த இடத்தின் விவரமும் அதற்குள் போகலாம். கேமராவில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டு எடுத்த படத்தை அனுப்புங்கள். ஜிமெயில் என்றால், அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை அமைப்புகளில் 30 நொடிக்கு மாற்றி வைக்கலாம். தவறான பெயரில் தொடங்கிய மெயிலை அது பல நேரம் காப்பாற்றும்.

கேள்வி: சம்பளம், கடன், வெளிநாட்டில் என் வேலை, இதையெல்லாம் எழுத்தில் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பதில்: பெரியவர்கள் நிறைந்த கூடத்தில் கேட்க முடியாததைக் கேட்கத்தான் இந்த ஐந்து வாரம். வாரம் இரண்டு மெயில் என்று வைத்தால் பத்துக்குள் முடியும். முதல் இரண்டு வாரம் அன்றாட வாழ்க்கை. மூன்றாவது வாரம் எங்கே, யாரோடு குடித்தனம், உங்கள் வேலை. நான்காவது வாரம் பணம், உடல்நலம், குழந்தை. எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அடுக்கினால் எளிதானவற்றுக்குப் பதில் வரும், கடினமானது நழுவிவிடும். நழுவியது வேண்டுமென்றா மறதியாலா என்று உங்களுக்கும் தெரியாது. மெயிலுக்கு ஒரு கடினமான கேள்வி போதும்.

உங்கள் பக்கத்தை முதலில் சொல்லிவிட்டுக் கேட்டால் விசாரணை போலத் தோன்றாது: 'என் கல்விக் கடனில் இன்னும் 3 லட்சம் பாக்கி. கல்யாணத்துக்குப் பிறகும் என் சம்பளத்திலிருந்துதான் கட்டுவேன். உங்களுக்கு மாதத் தவணை ஏதாவது ஓடுகிறதா?'

மழுப்பலான பதிலை அப்படியே விடாதீர்கள். 'அம்மா அப்பாவை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினால், மாதம் பணம் அனுப்புவதா, கூடவே வைத்துக்கொள்வதா, சில ஆண்டுகளில் ஊர் திரும்புவதா என்று கேளுங்கள். மூன்றும் வேறு வேறு வாழ்க்கை.

'இங்கே வந்தால் வேலை கிடைத்துவிடும்' என்பதும் அந்த ரகம்தான். எச்-1பி வைத்திருப்பவரின் மனைவிக்குக் கிடைப்பது எச்-4 விசா. அதில் படிக்கலாம், ஆனால் போனவுடன் வேலைக்குச் சேர முடியாது. 2015-இல் வந்த விதிப்படி, கணவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டு, அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்காகப் பெரும்பாலும் நிறுவனம் போடுவது) ஏற்கப்பட்டிருந்தாலோ, கிரீன் கார்டு நடவடிக்கையை வைத்து அவருடைய எச்-1பி ஆறு ஆண்டைத் தாண்டி நீட்டிக்கப்பட்டிருந்தாலோதான் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆகவே, 'ஐ-140 ஏற்கப்பட்டுவிட்டதா, எப்போது?' என்று நேராகக் கேளுங்கள். இந்த விதிகள் மாறக்கூடியவை என்பதால், முடிவெடுக்கும் முன் இன்றைய நிலவரத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நகை, ரொக்கம் என்று பேச்சு வந்தால் அந்த மெயிலை அழிக்காதீர்கள். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி கேட்பதே குற்றம்.

கேள்வி: நான் இரண்டு பக்கம் எழுதினால் பெண்ணிடமிருந்து இரண்டு வரிதான் வருகிறது. விருப்பமில்லை என்று அர்த்தமா?

பதில்: நீளத்தை விடுங்கள். கேட்டதற்குப் பதில் இருக்கிறதா, திருப்பி ஒரு கேள்வியாவது வருகிறதா, முன்பு நீங்கள் எழுதியது அவர் நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் இருந்தால் இரண்டு வரியே நல்ல பதில்தான். நீங்கள் ஆங்கிலத்தில் எழுதினால் அவரும் ஆங்கிலத்தில் எழுதியாக வேண்டும் என்று நினைத்துத் தயங்கலாம். தமிழில் எழுதிப் பாருங்கள். தங்கிலீஷ் ஆனாலும் பரவாயில்லை. அண்ணனோ அப்பாவோ படித்துப் பார்த்து அனுப்புகிற வீடாகவும் இருக்கலாம். (இரண்டு பக்கம் வேறு கொஞ்சம் அதிகம். ஒன்றாகக் குறையுங்கள்.)

தொடர்ந்து மூன்று மெயிலில் அவரிடமிருந்து ஒரு கேள்வியும் வரவில்லையானால் இப்படி எழுதுங்கள்: 'இந்தச் சம்பந்தத்தில் உங்களுக்கு விருப்பமா? இல்லையென்றால் தயங்காமல் சொல்லுங்கள், என் பக்கம் வேண்டாம் என்றதாகவே வீட்டில் சொல்லிவிடுகிறேன்.' வீட்டு வற்புறுத்தலால் எழுதுகிற பெண்ணுக்கு இது பெரிய உதவி.

கேள்வி: தினமும் எழுதிக்கொள்கிறோம், இப்போதே பிடித்துவிட்டது. நேரில் பார்ப்பது வெறும் சம்பிரதாயம்தானே?

பதில்: இல்லை. மெயிலை நாலு தடவை திருத்தி அனுப்பலாம். கோபத்தையும், கூட இருப்பவர்களிடம் நடந்துகொள்ளும் விதத்தையும் அதில் பார்க்க முடியாது. தெரியாத இடங்களை நம் ஆசை நிரப்பிவிடுகிறது. தினமும் எழுதினால் இன்னும் வேகமாக. வாரம் இரண்டாகக் குறையுங்கள். இரண்டாவது வாரத்திலேயே 20 நிமிடம் வீடியோவில் பேசுங்கள். பார்க்க வரும் நாளில் அரை மணி நேரமாவது தனியாகப் பேசவும், பதில் சொல்லும் முன் இன்னொரு முறை சந்திக்கவும் வேண்டும் என்று இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள். அன்று காலையில் சொன்னால் நடக்காது.

கேள்வி: அம்மா மெயில்களைக் காட்டச் சொல்கிறார்.

பதில்: கடிதத்தைக் காட்ட வேண்டாம், செய்தியைச் சொல்லுங்கள். வேலை, கடன், குடித்தனம் பற்றித் தெரிந்ததை வாரம் ஒருமுறை நீங்களே சொல்லிவிட்டால் அவர் கேட்பதும் குறையும்.

கேள்வி: மேட்ரிமோனி தளத்தில் கிடைத்த வரன். விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்துவிட்டது, பணம் அனுப்பு என்று மெயில் வந்திருக்கிறது.

பதில்: மோசடி. ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே முடக்க அவ்வளவு வாய்ப்பு.

கேள்வி: ஆறு மெயிலுக்குப் பிறகு ஒத்துவராது என்று தோன்றுகிறது. பதில் எழுதாமல் விட்டுவிடலாமா?

பதில்: விட்டால் இரண்டு வாரம் அவர் காத்திருப்பார், அதற்குள் அவர்கள் வீட்டில் டிக்கெட்டே போட்டுவிடுவார்கள். முதலில் உங்கள் வீட்டில் சொல்லுங்கள், அன்றைக்கே அவருக்கும் எழுதுங்கள்: 'இதுவரை மனம்விட்டு எழுதியதற்கு நன்றி. எனக்கு இது ஒத்துவராது என்று தோன்றுகிறது. வீட்டிலும் சொல்லிவிட்டேன். நீங்கள் எழுதியவற்றை யாரிடமும் பகிரமாட்டேன்.' காரணத்தை விவரிக்காதீர்கள். விவரித்தால், 'அதை நான் மாற்றிக்கொள்கிறேன்' என்று பதில் வரும்.