பொறுமை யாருக்கு இல்லை?

கேள்வி: நான் ஒரு ஹோட்டல் மேலாளர். தேதி தவறாமல் சம்பளம் தருகிறோம். சாப்பாடும் தங்கும் இடமும் இலவசம். மாதந்தோறும் 'சிறந்த ஊழியர்' விருதும் உண்டு. ஆனாலும் வரவேற்பிலும் ஹவுஸ்கீப்பிங்கிலும் சேருகிறவர்கள் ஆறு மாதம் தாண்டுவதில்லை. இந்தத் தலைமுறைக்குப் பொறுமையே இல்லையா?

பதில்: முன்பின் தெரியாதவர் கவுன்ட்டரில் நின்று கத்தக் கத்த, முகம் சுளிக்காமல் "மன்னிக்கவும் சார்" என்கிறவருக்கா பொறுமை இல்லை?

தந்ததையெல்லாம் எழுதிய நீங்கள், டியூட்டி அட்டவணையை எப்போது ஒட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. முந்தின நாள் இரவுதானே? இரவு பதினொன்றுக்கு முடித்தவரைக் காலை ஏழுக்கு வரச் சொல்வதும், காலையில் பாதி மாலையில் பாதி என்று ஷிப்டை உடைத்து முழுநாளையும் பிடுங்கிக்கொள்வதும் இந்தத் தொழிலில் சர்வசாதாரணம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1991-இல் ஹோட்டல், உணவக ஊழியர்களுக்கென்றே 172-ஆம் உடன்படிக்கையை ஏற்றது. ஊழியர் தம் குடும்ப வாழ்க்கையைத் திட்டமிட்டுக்கொள்ள வசதியாக, வேலை நேரத்தை இயன்றவரை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது அது.

சம்பளமும் வசதியும் குறைந்தால் மனக்குறை வரும். அவை இருப்பதாலேயே வேலையில் மனநிறைவு வந்துவிடாது என்று 1959-லேயே சொன்னார் அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க். (தேதி தவறாமல் தருவதும் போதுமான அளவு தருவதும் ஒன்றல்ல, தொகையை நீங்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.) மனநிறைவுக்குப் பொறுப்பும் அங்கீகாரமும் முன்னேற்றமும் வேண்டும் என்றார் அவர்.

இவற்றில் பொறுப்பை மட்டும் பார்ப்போம். ஏசி ஓடவில்லை, விருந்தினர் கொதிக்கிறார். வேறு அறை மாற்றித் தரும் அதிகாரம் வரவேற்பில் இருப்பவருக்கு உண்டா? ரிட்ஸ்-கார்ல்டன் ஹோட்டல்களில் எந்த ஊழியரும் மேலதிகாரியைக் கேட்காமலேயே ஒரு விருந்தினரின் குறையைத் தீர்க்க 2,000 டாலர் வரை செலவிடலாம். அவ்வளவு வேண்டாம், ஓர் அறைச் சாவி போதும். அதுவும் இல்லாமல், அவர் உங்களைக் கூப்பிட்டு, நீங்கள் வந்து விருந்தினர் முன்னாலேயே அவரைக் கடிந்துகொண்டு, அவர் தர முடியாத அதே அறையை நீங்கள் தந்து நல்ல பெயர் வாங்கிக்கொண்டு போனால், அன்றிரவே அவர் வேறு இடத்துக்கு விண்ணப்பம் எழுதுவார். நானாக இருந்தாலும் எழுதுவேன்.

ஹவுஸ்கீப்பிங்கில் பிரச்சினை வேறு. ஒருவர் தங்கிக்கொண்டிருக்கும் அறையும், குழந்தைகளோடு ஒரு குடும்பம் காலி செய்துவிட்டுப் போன அறையும், ஒருவர் இத்தனை அறை சுத்தம் செய்ய வேண்டும் என்ற உங்கள் கணக்கில் ஒன்றுதானா? அப்படியானால் இடுப்பு ஒடிவது யாருக்கு என்று பாருங்கள்.

கடைசியாக, ராஜினாமா கடிதங்களை நம்பாதீர்கள். அனுபவச் சான்றிதழில் நீங்கள் கையெழுத்திட வேண்டியிருக்கும்போது எவரும் 'சொந்தக் காரணங்களுக்காக' என்றுதான் எழுதுவார். இன்னும் போகாமல் இருப்பவர்களைக் கேளுங்கள். கேட்கும்போது சூப்பர்வைசரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.