பின் நம்பர் யாருக்குத் தெரியும்?

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு கல்லூரியில் பொருளாதாரத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். தலைப்பு மகளிர் உரிமைத்தொகை. சென்னிமலை, மொடக்குறிச்சி, கொடுமுடி வட்டாரங்களில் 15 ஊர்கள், ஊருக்கு 20 பேர் என்று மொத்தம் 300 பெண்களைப் பார்க்கப் போகிறேன். "மாதாமாதம் வரும் 1,000 ரூபாயை எதற்குச் செலவழிக்கிறீர்கள்?" என்பதுதான் கேள்வித்தாளின் மையக் கேள்வி. பெண்கள் கையில் நேரடியாகப் பணம் கொடுப்பது பற்றி உலக வங்கியும் ஐ.நா.வும் இவ்வளவு பேசுகின்றனவே, என் ஆய்வு அங்கே போய்ச் சேர வழி உண்டா என்று நெறியாளரிடம் கேட்டேன். "மொதல்ல ஜர்னல்ல போடும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அப்பாவோ, "நம்மூருப் பொம்பளைங்க சொல்றத வாசிங்டன்ல எவன் கேக்கப்போறான் கண்ணு" என்கிறார். பல்கலைக்கழக ஆய்வு கொள்கையாக மாறுவது நிஜமாகவே நடக்கிறதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நடக்கிறது. நம்மூர்ப் பெண்கள் செய்ததை வாசிங்டன் கேட்டது மட்டுமல்ல, அப்படியே எடுத்துக்கொண்டு போய் வேறொரு நாட்டில் நட்டும் பார்த்திருக்கிறது. அது சரியாக வேர்பிடிக்கவில்லை. ஏன் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஊரிலுள்ள 6 மாதம் முதல் 3 வயது வரையிலான குழந்தைகளை மாதம் ஒருமுறை தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். கூடவே தாய்க்கு, எதை எப்போது எவ்வளவு ஊட்டுவது என்று சொல்லிக்கொடுப்பார்கள். கடுமையான ஊட்டக்குறைவு இறங்கியது. அந்த வெற்றியை முன்மாதிரியாக வைத்து 1995-ல் வங்கதேசத்தில் இதே போன்ற திட்டம் வந்தது. அதே தராசு, அதே உணவு, தாய்மாருக்கு அதே பாடம். 2005-ல் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே, எதிர்பார்த்த பலன் வரவில்லை என்று எழுதியது.

காரணம் அடுப்படியில் இருந்தது. வங்கதேசக் கிராமத்தில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது பெரும்பாலும் ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் யார் தட்டில் என்ன விழும் என்பதை முடிவு செய்வது மாமியார். பாடம் எடுத்ததோ மருமகளுக்கு. மையத்தில் கொடுத்த உணவும் சில வீடுகளில் குழந்தைக்குக் கூடுதலாகப் போகாமல், வழக்கமாக வீட்டில் போடும் சோற்றுக்குப் பதிலாகப் போனது. தாய் நினைத்தால் குழந்தைக்குக் கிடைக்கும் என்பது தமிழ்நாட்டில் யாரும் எழுதிவைக்கத் தேவையில்லாத சங்கதி. எழுதிவைக்காத அந்தச் சங்கதியின் மேல்தான் திட்டம் முழுதும் நின்றுகொண்டிருந்தது.

ஆகவே, ஆய்வு "போய்ச் சேர்வது" பெரிய வேலை அல்ல. எதைப் பொட்டலம் கட்டி அனுப்புகிறீர்கள் என்பதுதான் வேலை. "உரிமைத்தொகையால் பெண்கள் பயனடைந்தனர்" என்ற வரி கானாவில் திட்டம் தீட்டுகிறவருக்கு உதவாது. எந்தெந்த ஏற்பாடு இருந்ததால் பயனடைந்தார்கள், எது இல்லாத வீட்டில் பயனில்லை என்பது உதவும்.

பணம் விஷயத்தில் இது இன்னும் சிக்கல். மெக்சிகோவில் 1997-ல் தொடங்கிய ப்ரோகிரெசா திட்டம் தாயின் கையில் பணம் கொடுத்தது. 506 கிராமங்களில் சிலவற்றுக்கு முதலிலும் சிலவற்றுக்குப் பின்னரும் கொடுத்து ஒப்பிட்டார்கள். அந்த முடிவுகள் கையில் இருந்ததால் 2000-ல் ஆட்சி மாறியபோதும் திட்டம் பிழைத்தது. உலகம் முழுக்க "தாய்க்குக் கொடு" என்ற பேச்சு வலுப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மொராக்கோவில், கல்விக்கென்று பெயர் சொல்லி, சில ஊர்களில் தகப்பனிடமும் சில ஊர்களில் தாயிடமும் கொடுத்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் வடபகுதியில் நூறு நாள் வேலைக் கூலியைக் குடும்பக் கணக்கில் போடாமல் பெண்ணின் சொந்தக் கணக்கில் போட்டு, கணக்கைப் பயன்படுத்தவும் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது அவர்கள் வேலைக்குப் போவது கூடியது. கணக்கை மட்டும் திறந்துகொடுத்தபோது அந்த அளவு மாற்றமில்லை. மூன்று இடம், மூன்று பதில். நான்காவதாக உங்கள் பதில் வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் மையக் கேள்விக்கு வருகிறேன். அதை எடுத்துவிடுங்கள். பணத்துக்கு அடையாளம் கிடையாது. 15-ஆம் தேதி கணக்கில் ஏறும் 1,000 ரூபாய், சனிக்கிழமைத் தறிக் கூலியோடு கலந்து, செவ்வாய்க்கிழமை குழுக் கடன் தவணையாகப் போயிருக்கும். "எதுக்குச் செலவு பண்ணினீங்க?" என்றால் "பிள்ளைங்க படிப்புக்குங்க, மருந்துக்குங்க" என்றுதான் பதில் வரும். பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. காகிதமும் பேனாவுமாக வந்து உட்கார்ந்தவரிடம் எதைச் சொல்லலாமோ அதைச் சொல்கிறார்கள். இன்னொரு பயமும் உண்டு: "ஏனுங் கண்ணு, இதச் சொன்னா பணத்த நிறுத்திப்போடுவாங்களா?" பேட்டி எடுப்பவர் முதல் இரண்டு நிமிடத்தில் இந்தப் பயத்தைப் போக்காவிட்டால் பின்னால் வரும் நாற்பது கேள்வியும் வீண். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டுங்கள். ரேஷன் கார்டு, ஆதார் என்று எதையும் கேட்காதீர்கள், பார்க்கவும் பார்க்காதீர்கள். மாமியார் திண்ணையில் இருக்கும்போது பணத்தைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். சென்னிமலைப் பக்கம் தறி ஓடுகிற நேரத்தில் போனால் ஒரு வார்த்தையும் காதில் விழாது. ஷிப்ட் மாறும் நேரம் பார்த்துப் போங்கள்.

செலவுக்குப் பதிலாகக் கேட்க வேண்டியவை எளிமையானவை. ஏ.டி.எம். கார்டு வீட்டில் எங்கே இருக்கிறது? பின் நம்பர் யார் யாருக்குத் தெரியும்? போன மாதம் பணத்தை எடுத்தது யார், எங்கே போய்? மெசேஜ் வரும் போன் யாருடையது? கார்டு இல்லாதவர்கள் கைரேகை வைத்து எடுக்கிறார்கள் என்றால், பணம் எடுத்துக்கொடுக்கும் ஆள் ஒருமுறைக்கு எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்? பஸ்ஸுக்கு எவ்வளவு, அன்றைக்குப் போன கூலி எவ்வளவு? வங்கி ஏதாவது கழித்துக்கொண்டதா? 2023-ல் திட்டம் தொடங்கிய முதல் மாதமே, குறைந்தபட்ச இருப்பு இல்லையென்று சில வங்கிகள் பிடித்தம் செய்தது பெரிய புகாராகக் கிளம்பியது. இந்தக் கழிவுகளையெல்லாம் கூட்டினால், அரசு போட்ட 1,000-த்தில் பெண்ணின் கைக்கு வந்தது எவ்வளவு என்று ஒரு கணக்கு கிடைக்கும். வேறு நாட்டில் இதே போன்ற திட்டத்துக்கு நிதி ஒதுக்குகிறவர் உங்களிடம் தேடப்போவது அந்த ஒற்றை எண்ணைத்தான்.

அடுத்தது 300. இந்த எண் நம் கல்லூரிகளில் ஏதோ சாஸ்திரம் மாதிரி ஆகிவிட்டது. ஓர் ஊரில் 20 பேரும் ஒரே ரேஷன் கடை, ஒரே மில் வண்டி, தவணை வசூலிக்க வரும் ஒரே ஆள். அவர்கள் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமையின் அளவை 0 முதல் 1 வரையிலான ஓர் எண்ணால் குறிப்பார்கள். அது 0.05 என்று வைத்துக்கொள்ளுங்கள், சின்னதுதான். ஊருக்குக் கேட்கும் ஆட்களில் ஒன்றைக் கழித்து, 0.05-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்டினால் 19 பெருக்கல் 0.05, கூட்டல் 1, அதாவது 1.95. 300-ஐ அதனால் வகுத்தால் 154. நீங்கள் 300 பேரைப் பார்த்தாலும், தனித்தனி ஆட்களாகத் தேறுவது 154 பேர்தான். அதே 300-ஐ 30 ஊரில் ஊருக்கு 10 பேராகப் பிரித்தால் வகுக்கும் எண் 1.45, தேறுவது 207. பெட்ரோல் செலவு கூடும், பேட்டிச் செலவு அதேதான். முடிந்தால் 30 ஊராக்குங்கள். முடியாவிட்டால் 15 ஊரையே வைத்துக்கொண்டு, ஒரே ஊராரின் பதில்கள் ஒத்திருப்பதைக் கணக்கில் எடுத்துத் திருத்திய பிழை அளவைக் கொடுங்கள். இந்த ஒரு வரி இல்லாததாலேயே ஆய்வேடுகள், பலருடைய ஆய்வுகளைத் திரட்டும் தொகுப்பு ஆய்வுகளின் வடிகட்டியில் விழுந்துபோகின்றன.

யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. வாங்குகிறவர்களை மட்டும் கேட்டால் ஒப்பிட ஆளில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று மாநிலம் முழுக்க ஒரே நாளில் தொடங்கியதால் மெக்சிகோ முறை இங்கே கிடையாது. ஆனால் விதியிலேயே ஒரு கோடு இருக்கிறது: ஆண்டுக்கு வீட்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். 3,500 யூனிட் ஓடிய வீட்டுக்கும் 3,700 ஓடிய வீட்டுக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஒன்றுக்குப் பணம் வரலாம், மற்றதற்கு வராது. இந்தக் கோட்டின் இருபுறமும் இருப்பவர்களை ஒப்பிடலாம். இரண்டு மாதத்துக்கு ஒரு ரீடிங் என்பதால், விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு ரீடிங்கைக் கூட்டினால் கணக்கு வந்துவிடும்.

இதில் இடறும் இடங்கள் பல. ஒரே வீட்டில் அண்ணன் பேரில் ஒரு சர்வீஸ், அப்பாரு பேரில் ஒன்று என்று இரண்டு இருக்கும். விசைத்தறிக்குத் தனி சர்வீஸ், அதை வீட்டுக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். நிலம், வருமானம், கார் என்று மற்ற விதிகளால் தள்ளப்பட்டவர்களைப் பிரித்து வையுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு படம் போட்டுப் பாருங்கள்: படுக்கைக் கோட்டில் யூனிட், நிமிர்கோட்டில் பணம் வாங்குவோர் விகிதம். 3,600-ல் விகிதம் சட்டென்று விழாமல் சாய்வாக இறங்கினால், கோடு காகிதத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது. இந்த முறையைக் கைவிட்டுவிட வேண்டியதுதான். விழுந்தாலும்கூட, மாதம் 300 யூனிட் ஓடுகிற வீடு ஏழை வீடு அல்ல. உங்கள் முடிவு அவர்களுக்குத்தான் பொருந்தும், கூரை வீட்டுக்கு அல்ல என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். எழுதினால் ஆய்வு சிறுத்துப்போகும் என்று பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ அந்த வரியைப் பார்த்தால்தான் மீதியை நம்பத் தோன்றுகிறது.

"கொங்குப் பகுதியில்" என்று பொத்தாம்பொதுவாகவும் எழுதாதீர்கள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கீர்ட் டி நெவேயும் கிரேஸ் கார்ஸ்வெல்லும் திருப்பூரைச் சுற்றிய கிராமங்களில் பல ஆண்டு வேலை செய்தவர்கள். ஒரு கிராமத்தில் தலித் குடும்பத்தினர் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்வருகிறார்கள், இன்னொன்றில் விசைத்தறி முன்பணத்தில் மாட்டிக்கொண்டு நகர முடியாமல் இருக்கிறார்கள் என்று காட்டினார்கள். ஒரே பகுதி, ஒரே பனியன் தொழில். 1,000 ரூபாய் இந்த இரண்டு ஊரிலும் ஒரே வேலையைச் செய்யாது. உங்கள் ஊர்ப் பட்டியலில் தறி ஊர், மஞ்சள்–கரும்பு ஊர், மில் வண்டி வரும் ஊர் மூன்றும் இருக்கட்டும், முன்பணக் கடன் பற்றி ஒரு கேள்வியும் இருக்கட்டும்.

இனி, கொண்டுபோய்ச் சேர்ப்பது. உலக வங்கிக்காரர் உங்கள் ஆய்வேட்டைப் படிக்க மாட்டார். அவர் படிப்பது தொகுப்பு ஆய்வை, அதாவது நூற்றுக்கணக்கான கட்டுரைகளைத் தேடி, வடிகட்டி, ஒரே முடிவாகத் திரட்டித் தருவதை. அதில் நுழைய, தலைப்பிலும் ஆங்கிலச் சுருக்கத்திலும் நாடு, மாவட்டம், திட்டத்தின் வகை, ஒப்பீட்டு முறை, மாதிரி அளவு இருக்க வேண்டும். "உரிமைத்தொகை: ஓர் ஆய்வு" என்று வைத்தால் தேடுபவர் கையில் அகப்படாது. ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர், சராசரி, திட்ட விலக்கம், பாதியில் விட்டுப்போனவர் எத்தனை பேர் என்பதைக் கட்டாயம் கொடுங்கள். படத்தை மட்டும் போட்டு எண்ணை விட்டுவிட்டால் திரட்ட முடியாது. ஜர்னலில் போடு என்று நெறியாளர் சொன்னது தப்பில்லை. வெளிவர இரண்டு வருடம் ஆகலாம், காசு கட்டினால்தான் படிக்கலாம் என்றும் இருக்கலாம். அதனால் முன்வரைவை இணையத்தில் உள்ள இலவசக் களஞ்சியம் ஒன்றில் ஏற்றிவையுங்கள். தரவையும் ஏற்றலாம், ஆனால் ஊர்ப்பெயரை எடுத்துவிட்டு. "43 வயது, கைம்பெண், இரண்டு தறி" என்றாலே அந்த ஊரில் எல்லாருக்கும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். வயதை 40–49 என்றாக்குங்கள்.

இன்னொரு வாசல், கடன் பேச்சு நடக்கும் காலம். உலக வங்கி ஒரு திட்டத்துக்குக் கடன் கொடுக்க யோசிக்கும்போதே திட்டத் தகவல் ஆவணம் ஒன்றை இணையத்தில் போட்டுவிடும், பொறுப்பாளர் பெயரோடு. வாரியம் ஒப்புதல் தரும் நாளுக்குள் எல்லாம் முடிவாகியிருக்கும், அப்போது எழுதிப் பயனில்லை. ஆவணம் வந்த வாரத்தில் எழுதுங்கள். கனடா சுகாதார ஆய்வுக்காரர்கள் புழக்கத்தில் விட்ட 1-3-25 என்ற அளவு நல்லது: ஒரு பக்கம் முடிவு, மூன்று பக்கம் சுருக்கம், 25 பக்கம் விவரம். அந்த ஒரு பக்கத்தில் "அரசு தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று எழுதினால் கிழித்துப் போட்டுவிடலாம். எந்த விதியை மாற்ற வேண்டும், ஆளுக்கு எவ்வளவு செலவாகும் என்று எழுதுங்கள். சென்னைக்கும் இதே கணக்குத்தான். பட்ஜெட் பிப்ரவரி–மார்ச்சில் என்றால், துறைகள் உட்கார்ந்து எழுதுவது அதற்கு முந்தைய மாதங்களில்.

இந்த நேரத்தில் இது இன்னும் தேவை. 2025-ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதில், 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் குடும்ப நல விவரம் திரட்டிவந்த கணக்கெடுப்புத் திட்டத்துக்கான அமெரிக்க நிதியும் நின்றுபோனது. கொள்கை எழுதுகிறவர்களின் மேசையில் காலி இடம் நிறைய இருக்கிறது.

புதுக் கேள்வித்தாளைத் தமிழிலேயே எழுதுங்கள், ஆங்கிலத்தில் எழுதி மொழிபெயர்க்க வேண்டாம். 300 பேரிடம் போகும் முன் உங்கள் பட்டியலில் இல்லாத ஓர் ஊரில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். பின் நம்பர் கேள்வியில் எத்தனை பேர் சிரித்தார்கள், எத்தனை பேர் உள்ளே திரும்பி "ஏனுங்க, அது எத்தன?" என்று வீட்டுக்காரரைக் கேட்டார்கள் என்று ஓரத்தில் குறித்துவைத்து, அந்தப் பத்துத் தாளையும் எனக்கு அனுப்புங்கள்.