சீமாஸ் பேட்டரிக்கு ஏன் அந்தப் பெயர்? பழைய சிப்புகளைப் பற்றிய கேள்வி பதில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலூர், புதுச்சேரி நிரலாளர்கள் சிலர் கூடி, சுருக்கப் பெயர்களின் விரிவைக் கேட்டு ஒருவரையொருவர் மடக்குவது வழக்கம். விடை தெரியாமல் நின்ற கேள்விகளையும், விடை தெரிந்தும் காரணம் தெரியாத கேள்விகளையும் இந்த முறை எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான் ஒரு பாலிடெக்னிக்கின் மின்னணு ஆய்வகத்தில் 27 ஆண்டுகள் வேலை பார்த்தவன். விரிவைச் சொல்வதற்கு ஒரு வரி போதும். அந்தப் பெயரை அன்று ஏன் வைத்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுவதால், அதற்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் பழைய கணினியைப் போட்டால் 'சீமாஸ் செக்சம் எரர்' என்று வருகிறது. சீமாஸ் என்பது சிப் தயாரிக்கும் முறையின் பெயர் என்று படித்திருக்கிறேன். இன்று கணினியில் உள்ள சிப்புகள் ஏறக்குறைய எல்லாமே சீமாஸ்தானே? அந்தச் சிறிய நினைவகத்துக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்? (லாஸ்பேட்டை, நிரலாளர்)

பதில்: சரியான இடத்தில் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள். காம்ப்ளிமென்டரி மெட்டல் ஆக்சைடு செமிகண்டக்டர் என்பது விரிவு. இதில் 'காம்ப்ளிமென்டரி' என்ற சொல்லில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு தொட்டிக்கு நீர் வரும் மதகு ஒன்று, வடியும் மதகு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சீமாஸில் இரண்டு மதகுகளும் ஒரே கோலில் பிணைக்கப்பட்டவை. ஒன்று திறந்தால் மற்றது மூடிக்கொள்ளும். தொட்டி நிறைந்திருக்கும், அல்லது காலியாக இருக்கும். வரத்திலிருந்து வடிகாலுக்கு நேராக நீர் ஓட வழியில்லை. நிலை மாறும் கணத்தில் மட்டுமே செலவு. பி வகை டிரான்சிஸ்டரும் என் வகை டிரான்சிஸ்டரும் இப்படி இணைந்து வேலை செய்வதைத்தான் 1963இல் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஃபிராங்க் வான்லாஸும் சி-டாங் சா என்பவரும் காட்டினார்கள். அதற்குப் பின்னரும் நெடுங்காலம் கோலோச்சிய, என் வகை டிரான்சிஸ்டர் மட்டுமே கொண்ட என்மாஸ் முறையில் வரத்து மதகு எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கும். வடிகாலைத் திறந்தும் மூடியும்தான் தொட்டியின் நிலையை மாற்ற வேண்டும். ஆகவே வடிகால் திறந்திருக்கும் நேரமெல்லாம் நீர் வீணாகிக்கொண்டே இருக்கும்.

இனி 1984க்கு வாருங்கள். அதற்கு முந்தைய ஐபிஎம் பிசியில் எவ்வளவு நினைவகம், எத்தனை ஃபிளாப்பி டிரைவ் என்பதை மதர்போர்டில் இருந்த குட்டி சுவிட்சுகளைத் தள்ளித்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதியையும் நேரத்தையும் டாஸ் இயங்குதளம் கேட்கும். அந்த ஆண்டு வந்த பிசி ஏடியில் மோட்டோரோலாவின் எம்சி146818 என்ற கடிகாரச் சிப்பை வைத்தார்கள். அதில் இருந்த நினைவகம் 64 பைட். 14 பைட் கடிகாரத்துக்குப் போக, மீதி 50 பைட்டில் அமைப்புகள். அதே போர்டில் இருந்த 80286 செயலி என்மாஸ் வகை, சுற்றியிருந்த சிறு சிப்புகளில் பெரும்பாலானவை டிடிஎல் என்ற, எப்போதும் மின்சாரம் தின்னும் இன்னொரு வகை. மின்சாரம் நின்ற பிறகும் ஒரு பேட்டரியை நம்பி நெடுநாள் உயிரோடு இருக்கக்கூடியது சீமாஸ் சிப் மட்டுமே. அன்று அது ஒரு தனி அடையாளம் என்பதால் பெயராகவும் ஆயிற்று. பிறகு எல்லாச் சிப்புகளும் சீமாஸாக மாறிவிட்டன. பெயர் மட்டும் அந்த 50 பைட்டை விட்டு நகரவில்லை.

உங்கள் கணினி சொல்லும் பிழை இதுதான்: அமைப்புகள் உள்ள பைட்டுகளைக் கூட்டி, ஏற்கெனவே எழுதி வைத்த கூட்டுத்தொகையோடு (செக்சம்), கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் நிரல் ஒப்பிடுகிறது, பேட்டரி தளர்ந்து மதிப்புகள் கலைந்திருந்தால் கணக்கு ஒத்துவராது. சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் போதும். அந்த எண்ணுக்கும் பொருள் உண்டு: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். நிரலாளருக்குப் பிடித்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெக்ஸில், அதாவது பதினாறடிமான எண்முறையில், 70 என்ற போர்ட்டில் எந்த பைட் வேண்டும் என்று எழுதி, 71 என்ற போர்ட்டில் அதைப் படிக்கும் முறை 1984இல் வந்தது. பிசி வழிவந்த இயந்திரங்களில் அது நெடுங்காலம் தொடர்ந்தது.

386 செயலி காலத்து மதர்போர்டு ஏதாவது வைத்திருந்தால் இன்றே திறந்து பாருங்கள். அவற்றில் பலவற்றில் நாணய வடிவப் பேட்டரி இருக்காது. போர்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்த, உருளை வடிவ நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். முதுநகரிலிருந்து ஒருமுறை அப்படி ஒரு போர்டு என்னிடம் வந்தது. உருளையின் ஒரு முனையிலிருந்து நீலமும் பச்சையுமாக உப்புப் பூத்து, கீபோர்டு சாக்கெட் வரை பரவி, தலைமுடி அளவே இருந்த செப்புத் தடங்களில் ஏழெட்டை அரித்துத் தின்றிருந்தது. கசிவது காரம் என்பதால் முதலில் வினிகரைத் தடவி அடக்கி, சுத்தமான நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, பிறகு ஒவ்வொரு தடமாக மெல்லிய கம்பி வைத்துப் பற்றவைத்தேன். போர்டு பிழைத்தது. ஆனால் அந்தப் பேட்டரியை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெட்டி எடுத்திருந்தால் இந்த வேலையே வந்திருக்காது.

கேள்வி: ஹார்டு டிஸ்க் இணைப்பான சாட்டாவில் வரும் 'ஏடி' எது? பிசிஎம்சிஐஏ என்பதன் விரிவு என்ன? (வில்லியனூர்)

பதில்: மேலே சொன்ன அதே பிசி ஏடிதான். ஹார்டு டிஸ்க்கை அதில் இணைக்கும் முறை ஏடி அட்டாச்மென்ட். அதன் தொடர் வடிவம் சீரியல் ஏடிஏ. அந்த ஏடிக்கு அட்வான்ஸ்டு டெக்னாலஜி என்று பொருள் சொன்னார்கள். மற்றொன்று பர்சனல் கம்ப்யூட்டர் மெமரி கார்டு இன்டர்நேஷனல் அசோசியேஷன். அது ஒரு சங்கத்தின் பெயர், லேப்டாப்பில் செருகும் அட்டையின் பெயராகவே வழங்கிவிட்டது.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் 8085 செயலியின் பயிற்சிக் கிட்டில் நிரல் எழுதினோம். அந்த 5 எதைக் குறிக்கிறது? முகவரியை ஏன் தலைகீழாகக் கொடுக்கச் சொன்னார்கள்? அந்தச் சிப்பை ஆய்வகத்துக்கு வெளியே யாராவது பயன்படுத்தினார்களா? (பண்ருட்டி, மென்பொருள் சோதனையாளர்)

பதில்: இதற்கு முந்தைய 8080 சிப்புக்கு +5, -5, +12 என்று மூன்று வோல்ட்டேஜ்கள் வேண்டும். 1976இல் வந்த 8085க்கு +5 வோல்ட் ஒன்றே போதும். அந்த 5தான் பெயரில் இருக்கிறது. கால்கள் 40தான் என்பதால், முகவரியின் கீழ்ப்பாதியும் டேட்டாவும் ஒரே எட்டுக் கால்களை மாறி மாறிப் பயன்படுத்துகின்றன. இப்போது போவது முகவரி என்று அறிவிக்கும் காலுக்குத்தான் அட்ரஸ் லாட்ச் எனேபிள், அதாவது ஏஎல்ஈ என்று பெயர். அந்த அறிவிப்பைக் கேட்டு முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ள, பக்கத்தில் 74373 என்ற லாட்ச் சிப் ஒன்று இருக்கும். உங்கள் கிட்டில் அதைப் பார்த்திருப்பீர்கள்.

தலைகீழ் முகவரிதான் ஆய்வகத்தில் என்னிடம் அதிகம் வந்த புகார். 5ஐயும் 3ஐயும் கூட்டி 4200 என்ற முகவரியில் வைக்கும் நிரல், ஹெக்ஸில் 3ஈ 05 06 03 80 32 00 42 76 என்று வரும். 32 என்பது சேமிக்கச் சொல்லும் கட்டளை. அதன் பின்னால் முகவரியின் கீழ் பைட்டான 00 முதலிலும், மேல் பைட்டான 42 அடுத்தும் வர வேண்டும். மாணவர் 32 42 00 என்று அடித்துவிட்டு, "சார், 4200இல் 08 வரவில்லை, கிட் பழுது" என்று வந்து நிற்பார். கிட்டில் பழுது இல்லை. செயலி சொன்னபடி 0042க்குத்தான் எழுதப் போயிருக்கும். அந்த முகவரியில், கிட்டை இயக்கும் மானிட்டர் நிரலைத் தாங்கிய ஈப்ராம் என்ற நினைவகச் சிப் உட்கார்ந்திருக்கும். அதில் எழுத முடியாது என்பதால் விடை எங்குமே பதியாமல் போயிருக்கும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையானது. 1970இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் உருவான டேட்டாபாயின்ட் 2200 என்ற இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு பிட்டைத்தான் கையாளும். கூட்டலில் மிச்சம் கீழிலக்கத்திலிருந்து மேலிலக்கத்துக்குப் போகிறது அல்லவா? ஆகவே கீழ் பைட் முதலில் கையில் கிடைப்பது அதற்கு வசதி. அந்த இயந்திரத்தின் கட்டளைகளை ஒரே சிப்பில் கொண்டுவரவே இன்டெல் 8008 வடிவமைக்கப்பட்டது. அங்கிருந்து 8080, 8085, 8086 என்று அந்த வரிசை தொடர்ந்து, உங்கள் இன்றைய எக்ஸ்86 லேப்டாப்பிலும் கீழ் பைட்தான் முதலில் இருக்கிறது. 'லிட்டில் எண்டியன்' என்று நேர்முகத் தேர்வில் கேட்கிறார்களே, அதன் வேர் இதுதான்.

ஆய்வகத்துக்கு வெளியே என்று கேட்டீர்கள். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய சோஜர்னர் ஊர்தியின் செயலி 80சி85. நடுவில் உள்ள அந்த 'சி', முதல் பதிலில் சொன்ன சீமாஸைக் குறிக்கிறது.

கேள்வி: முதல் ஐபிஎம் பிசியின் வேகம் ஏன் 4.77 மெகாஹெர்ட்ஸ்? 5 என்று வைத்திருக்கக் கூடாதா? (முத்தியால்பேட்டை)

பதில்: 8088 செயலி 5 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். ஆனால் அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கு 3.579545 மெகாஹெர்ட்ஸ் அலை தேவை; கணினியைத் தொலைக்காட்சியோடும் இணைக்கலாம் என்பது அன்றைய எண்ணம். அதன் நான்கு மடங்கான 14.31818 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றை வைத்து, அதை மூன்றால் வகுத்துச் செயலிக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டால் வகுத்து டைமருக்குக் கொடுத்தார்கள். இயங்குதள நிரல்களில் 1193182 என்ற எண்ணைப் பார்த்து வியந்தவர்களுக்கு விடை அதுதான். நம் நாட்டுத் தொலைக்காட்சி அன்று பால் (PAL) என்ற வேறு வண்ண முறையில் இயங்கியதால் அந்த அலைக்கு இங்கே வேலையே இல்லை. ஆயினும் இங்கு வந்த இயந்திரங்களும் அதே வேகத்தில்தான் ஓடின.

கேள்வி: டிராம் என்ற நினைவகச் சிப்பின் பெயரில் 'டைனமிக்' எதற்கு? நிரலில் டைனமிக் மெமரி என்று சொல்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (திருப்பாதிரிப்புலியூர், நிரலாளர்)

பதில்: தொடர்பே இல்லை; பெயர் ஒன்று, பொருள் வேறு. நிரலில் அது ஓடும்போது இடம் கேட்டு வாங்குவதைக் குறிக்கிறது. சிப்பில், வைத்தது வைத்தபடி நிற்காது என்பதைக் குறிக்கிறது. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு 1968இல் காப்புரிமை பெற்ற வடிவத்தில் ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் போதும். எஸ்ராம் என்ற மற்றொரு நினைவக வகையில் வழக்கமாக ஆறு டிரான்சிஸ்டர்கள் வேண்டும். சிக்கனத்துக்குக் கொடுத்த விலை, மின்தேக்கியில் உள்ள மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும் என்பது. வாசலில் போட்ட மாக்கோலம் தேயத் தேய, அழிவதற்குள் அதே புள்ளியில் மறுபடி இழுப்பதைப் போல, ஒவ்வொரு வரிசையையும் படித்துத் திரும்ப எழுத வேண்டும். இன்றைய டிராமில் பொதுவாக 32 அல்லது 64 மில்லிநொடிக்குள் ஒரு சுற்று முடிய வேண்டும். படிப்பதே மின்னேற்றத்தைக் கலைத்துவிடும் என்பதால், படித்தவுடன் திரும்ப எழுதியே ஆக வேண்டும் என்பதையும் கவனியுங்கள். முதல் ஐபிஎம் பிசியில் இதற்கென்று தனிச் சிப் கிடையாது. டைமர் ஏறக்குறைய 15 மைக்ரோநொடிக்கு ஒருமுறை தட்ட, செயலியின் உதவியின்றி நினைவகத்தை நேரடியாக அணுகும் டிஎம்ஏ சிப்பின் 0ஆம் சேனல் இந்த வேலையைச் செய்தது. இருந்த சிப்புகளை வைத்தே காரியத்தை முடித்த அந்த வடிவமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: அப்பா ரேடியோ, டிவி பழுது பார்த்தவர். அவருடைய பெட்டியில் நடுவில் கண்ணாடி வைத்த சிப்புகள் சிலவும், கால்கள் கறுத்துப்போன 7400 வகைச் சிப்புகள் நிறையவும் இருக்கின்றன. கடற்காற்றில் துருப்பிடித்துவிட்டதா? எறிந்துவிடலாமா? (தேவனாம்பட்டினம்)

பதில்: தயவுசெய்து எறியாதீர்கள், அம்மா. கண்ணாடி வைத்தவை ஈப்ராம். இரேசபிள் புரோகிராமபிள் ரீட் ஒன்லி மெமரி. அது சாதாரணக் கண்ணாடியும் அன்று, குவார்ட்ஸ். எழுதியதை அழிக்க 253.7 நானோமீட்டர் புறஊதா ஒளி உள்ளே போக வேண்டும்; அந்த ஒளியைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். இன்டெல்லில் டோவ் ஃபுரோமன் 1971இல் கொண்டுவந்த முதல் ஈப்ராமான 1702இல் மொத்தம் 256 பைட்தான். எல்லாப் பக்கமும் காப்புப் பொருள் சூழ்ந்த ஒரு மின்முனையில் எலக்ட்ரான்களைச் சிறை வைப்பதுதான் அதன் உத்தி. புறஊதா விளக்கின் கீழ் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் அவை தப்பிவிடும். பின்னாளில் வந்த 2716 போன்றவற்றில் எல்லா பைட்டும் ஹெக்ஸில் எஃப்எஃப் ஆகிவிடும். சிப்பின் மேல் 2716 என்று இருந்தால் 16 கிலோபிட், அதாவது 2 கிலோபைட். 2764 என்றால் 8 கிலோபைட். கண்ணாடி மேல் ஒட்டிய தாள் விலைச்சீட்டு அன்று. நேர் வெயில் ஒரு வாரம் பட்டாலும், ட்யூப்லைட் வெளிச்சம் மூன்று ஆண்டு பட்டாலும் உள்ளே இருப்பது அழியக்கூடும் என்பதால் ஒட்டியது. அதை உரிக்காதீர்கள், உரிந்திருந்தால் இன்றே புதிதாக ஒட்டுங்கள்.

கறுத்த கால்களைத் துரு என்று நினைக்க வேண்டாம். பழைய டிடிஎல் சிப்புகள் பலவற்றின் கால்களுக்கு வெள்ளி முலாம் பூசியிருந்தார்கள். பெட்டியில் வைத்த வெள்ளிக் கொலுசு கறுப்பதைப் போலவே, காற்றில் உள்ள கந்தகம் பட்டு அவையும் கறுக்கின்றன. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தால் பளிச்சென்று வந்துவிடும். ஒரு 7400ஐ எடுத்து, 7ஆம் காலைக் கிரவுண்டுக்கும் 14ஆம் காலை 5 வோல்ட்டுக்கும் கொடுத்து, உள்ளே இருக்கும் நான்கு நான்ட் கேட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். கால்களில் செம்பழுப்புப் பொடி உதிர்ந்து, கால் ஒடிந்து கையோடு வந்தால்தான் அது உப்புக்காற்றின் வேலை. அவற்றை மட்டும் ஒதுக்குங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பலர் செய்வதைப் போலத் தெர்மாகோலில் குத்தி வைக்காதீர்கள். அது நிலைமின்சாரத்தைச் சேர்த்து வைக்கும். பெட்டியில் 4000 வரிசைச் சீமாஸ் சிப்புகளும் கலந்திருந்தால், அவற்றின் உள்ளீட்டுக் கால்களுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் அதில் துளைபட்டுப் போகும். மின்சாரம் கடத்தும் கறுப்பு நுரை வாங்கி அதில் செருகுங்கள். அது கிடைக்கும் வரை, சமையலறையில் இருக்கும் அலுமினியத் தாளை நான்காக மடித்து, எல்லாக் கால்களும் அதைத் தொடும்படி அழுத்தி வைத்து, பெட்டியைக் கடற்காற்று நேராக வராத அலமாரியில் வையுங்கள்.